பேர் சொல்லாததும் தலைவியின் பையும்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தலைவிக்கு இருபத்து நான்காம் தேதி காது குத்து, அதுவும் என் மடியில் உட்கார வைத்து மக்களே.

பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு அறிமுகம். தலைவி என்பவர் என் அக்கா சுகந்தியின் மகள் மிருணாளினி. வயது ஒன்பது மாதம். நான் அவருடைய ஒரே தாய்மாமன் தினகரன், வீட்டில் தினா. இதற்கு முன் ஒரு நடிகரின் ரசிகர் பக்கத்தை நடத்திக்கொண்டிருந்தேன். அவர் பிறந்தநாளைத் தப்பான தேதியில் கொண்டாடிவிட்டதால் நீக்கிவிட்டார்கள். போகட்டும். அவர் வருடத்துக்கு ஒரு முறைதான் முகம் காட்டுவார். தலைவி தினமும் காட்டுகிறார், சில நாள் விடியும்வரை காட்டுகிறார். ஆனால் அந்த முகத்தை இங்கே போடக் கூடாது என்பது அக்காவின் உத்தரவு. எனவே இது படமில்லாத ரசிகர் பக்கம். நீங்களே கற்பனை செய்துகொள்ள வேண்டியது: கன்னம் இரண்டு, பல் இரண்டு, வலது கையில் பழுப்பு நிறக் கட்டைத் துண்டுகளைக் கோத்த ஒரு வளையல். கோபம் வந்தால் அதைக் கடிப்பார்.

காது குத்து மச்சானுடைய ஊரில், அவர்கள் குலதெய்வம் கோயிலில். மச்சான் என்றால் அக்காவின் கணவர், திருப்பூரில் வேலை. பிரசவத்துக்காகப் பெரியகுளத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த அக்காவை, காது குத்தி முடித்துத்தான் அழைத்துப் போவோம் என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டார்கள். ஆக, இருபத்து நான்காம் தேதிக்குப் பிறகு தலைவி எப்போது வேண்டுமானாலும் ஊர் மாறிவிடுவார். அதைப் பற்றி இப்போது எழுத மாட்டேன்.

"அன்னைக்குப் பிள்ளையோட பை உன் பொறுப்பு" என்றாள் அக்கா. "அதுக்கு முன்னாடி நாலஞ்சு தடவ நீயா வெளிய தூக்கிட்டுப் போய்ப் பழகிக்க."

இத்தனை பேர் இருக்க என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். பையை இனி வேறு யாரும் தொடக் கூடாது என்று அம்மாவிடம் அறிவித்துவிட்டேன். "எனக்கென்ன வேலையில்லையா" என்றாள் அம்மா.

ஆகஸ்ட் 6, புதன்

ஒன்பது மாத ஊசி. பையின் முதல் காட்சி.

பை கட்டுவது எப்படி என்று ஒரு வெளிநாட்டுப் பெண்மணியின் காணொளியை நான்கு முறை பார்த்துக் கற்றிருந்தேன். அவர் சொன்ன அத்தனையும் வைத்தேன். கைவிசிறி மெஷின், நகவெட்டி, துணியில் தைத்த கதைப் புத்தகம், பால் சூடு பண்ணும் கருவி, கொசுவலைக் குடை, பிறகு தலைவிக்குத் துணையாக ஒரு பஞ்சு யானை. அந்தப் பெண்மணியிடம் கார் இருக்கிறது என்பதை நான் பஸ் படிக்கட்டில்தான் யோசித்தேன்.

சுகாதார நிலையத்தில் வரிசையில் நிற்கும்போது தலைவி வேலையைக் காட்டிவிட்டார். டயப்பர் பைக்கு அடியில் இருந்தது. அதற்கு மேல் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து பெஞ்சில் வைத்தேன். நர்ஸ் எட்டிப் பார்த்து, "தம்பி, இங்க கடை போடக் கூடாது" என்றார். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, "யானை என்ன வெல சொல்ற?" என்றார்.

அக்கா எங்கே என்று கேட்பீர்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, வாயேன்" என்று கூப்பிட்டேன். "நான் இல்லன்னு வச்சுக்க" என்றாள். ஊசி போடும்போது மட்டும் வந்தாள். தலைவி அழுதார், நானும் லேசாக.

டயப்பரை ஒருவழியாகக் கண்டுபிடித்து மாற்றுவதற்குள் என் சட்டை போய்விட்டது. மாற்றுச் சட்டை தலைவிக்கு மூன்று இருந்தது, எனக்கு இல்லை. பனியனோடு பஸ்ஸில் வந்தேன். அந்தக் காணொளியில் பையைக் கட்டுவதுதான் இருந்தது. பிள்ளையே இல்லை என்பதை இன்று ஐந்தாவது முறை பார்க்கும்போதுதான் கவனித்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

யானைக்குக் கட்டாய ஓய்வு அளிக்கப்பட்டது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மச்சான் வந்திருந்தார். மாதத்தில் இரண்டு ஞாயிறு வருவார்.

வந்ததும் தலைவியைத் தூக்கினார். தூக்கிய கையோடு போனை என்னிடம் கொடுத்தார். படம் எடுத்தேன். "முகம் தெரியாம எடுடா, உங்க அக்கா திட்டுவா. என் முகம் தெரியட்டும்." எடுத்தேன். "என் உலகம்" என்று எழுதி ஸ்டேட்டஸ் வைத்தார். வைத்து முடிப்பதற்குள் உலகம் அவர் பேண்ட்டை நனைத்துவிட்டது. "ஏ சுகந்தி" என்று கூப்பிட்டார். உலகத்தை அக்கா வாங்கிப் போய்க் கழுவினாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு நடந்ததை எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

என் அக்கா வாலிபால் நடுவர். தேர்வு எழுதி, மாவட்டத்தில் பெயர் வாங்கியவள். வலைக்குப் பக்கத்தில் உயரமான மேடையில் ஏறி நின்று விசில் ஊதுவாரே, அந்த முதல் நடுவர் இடத்துக்கு வந்த நேரத்தில்தான் தலைவி வயிற்றில் வந்தார். அதோடு நின்றது.

"சங்கத்துல இருந்து போன் வந்துச்சுங்க" என்றாள் அக்கா. "முப்பத்தொண்ணாம் தேதி நம்ம மைதானத்துல அரையிறுதி. என்னைய மேல நிக்கச் சொல்றாக."

"கைப்பிள்ளைய வச்சுக்கிட்டா?"

"தினா பாத்துக்குவான்."

"அவனே ஒரு பிள்ளை. அதுவும் ஆம்பளைக மேட்ச். பத்து ஆம்பளைக நடுவுல ஏறி நின்னு விசில் ஊதப் போறியா?"

"பன்னெண்டு பேருங்க. பக்கத்துக்கு ஆறு."

மச்சான் தட்டிலேயே கை கழுவினார். "இங்க பாரு. இனிமே இந்த வீட்டுல விசில்னு பேரே எடுக்கக் கூடாது. எடுத்தா நான் இந்தப் பக்கம் வர மாட்டேன்."

இதை அவர் மிரட்டலாகத்தான் சொன்னார். ஆனால் அம்மா பயந்துவிட்டாள். அவர் பஸ் ஏறிப் போன பிறகும் குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். சற்று நேரத்துக்கு முன் அடுப்படியிலிருந்து, "தினா, குக்கர்ல மூணு அது வந்துருச்சு, அணைடா" என்றாள்.

ஆகஸ்ட் 13, புதன்

தலைவியும் நானும் மட்டும் மார்க்கெட் போனோம். "ஒரு ஒன்ற மணி நேரம் ஆக்கிட்டு வா, சீக்கிரம் வந்துராத" என்று அக்கா அனுப்பினாள். அவளுக்குத் தூக்கம் வேண்டும் போல.

இப்போது பை பாதியாகிவிட்டது. டயப்பரும் ஈரத்துணியும் மேலே. அழுக்கைச் சுருட்டிப் போட ஜவுளிக்கடை கவர். விரித்துப் போட அப்பாவின் பழைய வேட்டியில் கிழித்த துண்டு, காணொளியில் காட்டிய வழுக்கும் விரிப்பைவிட இது எவ்வளவோ மேல். ராகிக் கஞ்சி ஒரு மூடி போட்ட டப்பாவில், வெந்நீர் பிளாஸ்க்கில். தலைவிக்கு ஒரு மாற்று உடை, தூக்குகிறவருக்கு ஒன்று. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

தக்காளிக் கடையில் ஒரு அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தாயில்லாப் பிள்ளையா தம்பி?"

"இருக்காங்க, வீட்டுல."

"வீட்டுலயா? உங்கிட்டக் குடுத்துட்டு வீட்டுல என்ன பண்றா?"

பிறகு பக்கத்துக் கடைக்காரரிடம், "தங்கமான பையன், பிள்ளைய எப்பிடித் தூக்கிருக்கான் பாருங்க" என்று என்னைக் காட்டினார். கொசுறாகக் கறிவேப்பிலை கொடுத்தார்கள். நான் பிள்ளையைத் தூக்கினால் தங்கம். அக்கா தூக்கினால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, கீழே வைத்தால்தான் பார்க்கிறார்கள். இந்த ரசிகர் கூட்டத்தின் விதிகள் எனக்கே புரியவில்லை.

வீட்டுக்கு வந்தால் அக்கா தூங்கவில்லை. மொட்டை மாடியில் தனியாக நின்று வலது கையை நீட்டுவதும் மடக்குவதுமாக இருந்தாள். "என்னக்கா?" என்றேன். "துணி காயப் போட்டேன்" என்றாள். கொடியில் ஒரு துணியும் இல்லை. காற்றில் விழுந்திருக்கும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆண்டிபட்டி வரை பஸ்ஸில் போய்த் திரும்பினோம், தலைவி போகும்போதும் தூங்கினார், வரும்போதும் தூங்கினார், பையைத் திறக்கவே இல்லை, இதைப் பொன்னெழுத்தில் எழுத ஆசை.

ஆகஸ்ட் 20, புதன்

அக்காவின் மாமியார் எனக்கே போன் போட்டார். நான் அவரையும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

"தம்பி, நீங்கதான் பை கட்டுறீகளாமே. எல்லாத்தையும் வச்சுருப்பீக, அந்தப் பேர் சொல்லாதத மறந்துறாதீக."

"எதைத்தை?"

"அதான்யா, பேர் சொல்லாதது. ஊரு விட்டு ஊரு வர்ற பிள்ளை. நான் கேட்ட உடனே எடுத்துக் குடுக்குற மாதிரி வையிங்க."

"அது அங்க எதுக்குத்தை?"

"நல்லாக் கேட்டீக. பிள்ளை வீல்னு அழுதா வேற எது அமத்தும்?"

மகன் பேரே எடுக்கக் கூடாது என்கிறார், அம்மா எடுத்துக்கொண்டு வா என்கிறார். பெரிய மனது. அக்காவிடம் ஓடினேன். அவள் கட்டிலில் தலைவியை மடியில் போட்டுக்கொண்டு அந்தக் கட்டை வளையலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உன் மாமியா பேர் சொல்லாதத பையில வைக்கச் சொல்றாங்க. உன் அதத்தானே?"

"என்ன சொன்னாங்க? அப்பிடியே சொல்லு."

வார்த்தை மாறாமல் சொன்னேன். அக்கா என்னைப் பார்த்தாள், வளையலைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டாள்.

"ஆமாடா. அதேதான். பீரோவுல என் டிராக் பேண்ட்டுக்கு அடியில இருக்கு. வெளிப்பக்க ஜிப்புல வையி. அம்மாட்டப் போய்க் கேட்டுக்கிட்டு இருக்காத, பாவம், பயப்படும்."

சிவப்புக் கயிறு போட்ட கறுப்பு விசில். வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கை ஓயும்வரை எழுதப் போகிறேன்.

கோயிலில் மச்சான் வீட்டுச் சொந்தம் முழுக்கத் திரண்டிருந்தது. தலைவி பஸ்ஸில் நன்றாகத்தான் வந்தார். இறங்கியதும் ஆளாளுக்கு வாங்கிக் கன்னத்தைக் கிள்ளினார்கள். பிடித்தது அழுகை.

மச்சான் பட்டுச் சட்டையில் இருந்தார். முதல் வேலையாக, "இதென்ன கட்ட வளையல், படத்துல அசிங்கமா இருக்கும்" என்று தலைவியின் வளையலைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுத் தங்க வளையலைப் போட்டார். நான் கட்டை வளையலைப் பைக்குள் போட்டேன். கடிக்க ஒன்றும் இல்லாமல் தலைவி இன்னும் உரக்க அழுதார்.

என்னை மணையில் உட்கார வைத்து, தலைவியை மடியில் வைத்தார்கள். ஆசாரி கம்மலைத் தட்டில் எடுத்துவைத்துவிட்டுக் காத்திருந்தார். சுற்றிலும் போன்கள். ஒருவர் என் தோள் மேல் ஏறி நின்றே படமெடுத்தார் என்று நினைக்கிறேன்.

"மாமா, இங்கிட்டுத் திரும்பு." "பிள்ளை மூஞ்சியத் தூக்கு." "அழுகுறதயும் எடு, நல்லாருக்கும்."

"பிள்ளை தலைய ஆட்டுது, நான் எப்பிடிக் குத்துறது?" என்றார் ஆசாரி. யாருக்கும் கேட்கவில்லை.

அப்போது அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "வயித்துல காத்து அடைச்சுருக்கு. அதான் இந்த அழுகை. தம்பி, பேர் சொல்லாதத எடுங்க."

இந்த நொடிக்காகத்தான் வெளிப்பக்க ஜிப். ஒரே இழுப்பில் எடுத்து அத்தையின் உள்ளங்கையில் வைத்தேன்.

அத்தை பார்த்தார். மச்சான் பார்த்தார். போன்கள் கொஞ்சம் தாழ்ந்தன.

"என்னய்யா இது?"

"நீங்க சொன்னதுதான்த்தை. பேரு சொல்லக் கூடாதது. மச்சான்தான் எங்க வீட்டுல இது பேரையே எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. பத்தாந்தேதில இருந்து குக்கர் கூட பேர் சொல்லாமத்தான் வேகுது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மச்சானின் காது சிவந்துவிட்டது. இன்னும் யாரும் குத்தவே இல்லை.

"அட கூறு கெட்ட பயலே" என்றார் அத்தை. "நான் கேட்டது வசம்பு. சுட்டு உரசித் தொப்புளச் சுத்தித் தடவுறதுக்கு வசம்பு கேட்டேன்."

"அதுக்குத்தான் பேரு இருக்கே. அப்பறம் ஏன்த்தை..."

"பிள்ளை இருக்க வீட்டுல வசம்பு பேர வாயால சொல்லக் கூடாதுய்யா."

"மூணு தடவ சொல்லிட்டீகளே தாயி" என்றார் ஆசாரி, கம்மலைத் துடைத்தபடி. அத்தை வாயில் கை வைத்துக்கொண்டார்.

மச்சான் அக்காவைப் பார்த்து, "இதெல்லாம் உன் வேலையா?" என்றார்.

அக்கா முன்னே வந்தாள். அத்தையின் கையிலிருந்து விசிலை எடுத்தாள். பையிலிருந்து ஒரு ஈரத்துணியை உருவி அதைத் துடைத்தாள். கயிற்றைக் கழுத்தில் மாட்டினாள். ஊதினாள்.

ஒரே ஊதல்தான். கோயில் மரத்துக் காக்காய்கள் கிளம்பின. கூட்டம் நின்ற நிலையில் நின்றது. தலைவி திறந்த வாயை மூட மறந்து அம்மாவையே பார்த்தார். அழுகை எங்கே போனது என்று தெரியவில்லை.

"படம் எடுக்குறவங்க எல்லாரும் அந்தக் கோலத்துக்கு அங்கிட்டுப் போங்க" என்றாள் அக்கா. கத்தவில்லை. ஆனால் இது எங்கள் வீட்டு அக்காவின் குரல் இல்லை, மேடை மேல் நிற்கிறவளின் குரல். போனார்கள். மச்சானும் போனார். "தினா, தலையப் பிடி. அசையக் கூடாது. ஆசாரியய்யா, இடது காது."

வலது கையை நீட்டி மடக்கினாள். சர்வீஸ் போடலாம் என்பதற்கு நடுவர் காட்டும் கை. ஆசாரிக்கு வாலிபால் தெரியுமோ தெரியாதோ, கை புரிந்தது. குத்திவிட்டார். தலைவி அழுவதற்கு மூச்சை இழுத்தார். மறுபடி ஊதல். மூச்சு அப்படியே நின்றது. அக்கா இரண்டு கைகளையும் உடம்பை ஒட்டிச் சுற்றிக் காட்டினாள். பக்கம் மாறு என்று அர்த்தம். தலைவியைத் திருப்பினேன். வலது காதும் முடிந்தது. அதன் பிறகுதான் தலைவி அழுதார், இரண்டு காதுக்கும் சேர்த்து.

உடனே மச்சான் முதல் ஆளாகக் கோலத்தைத் தாண்டி வந்து, "என் தங்கம்" என்று வாங்கிக்கொண்டு போன்கள் பக்கம் திரும்பினார். தலைவி காலையில் குடித்த கஞ்சி முழுவதையும் பட்டுச் சட்டையில் வைத்தார்.

"தினா, பையில மாத்துச் சட்டை இருக்காடா?"

"இருக்கு மச்சான். ஆனா அது தூக்குறவங்களுக்கு."

இதை நான் குத்தலாகச் சொல்லவில்லை. என் அளவு அவருக்குப் பத்தாது.

பந்தியில் மச்சான் ஈரச் சட்டையோடு அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எதிர் இலையில் நான், என் மடியில் தலைவி தூங்கிக்கொண்டிருந்தார்.

"சரி விடு" என்றார் மச்சான். "இவ்வளவு ஆசைப்படுற. அந்த ஒரு மேட்ச்சுக்கு மட்டும் போயிட்டு வா. நான் ஒண்ணும் சொல்லல."

அக்கா ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே, "நான் கேக்கலங்க" என்றாள். "போறேன்னு சொல்றேன். அதுக்கு அப்பறம் வர்றதுக்கும் சேத்துத்தான்."

மச்சான் தன் அம்மாவைப் பார்த்தார். அத்தை அப்பளத்தை உடைத்தார். "எங்கிட்ட ஏன்டா பாக்குற? உச்சி வெயில்ல பிள்ளைய வைக்காதீக, அம்புட்டுத்தான். அப்பறம் சுகந்தி, அது எந்தக் கடையில வாங்குனது? உங்க மாமாவக் கூப்பிட்டா காது கேக்க மாட்டேங்குது."

ஆகஸ்ட் 25, திங்கள்

பையைக் காலி செய்யும்போது அடியில் தலைவியின் கட்டை வளையல் கிடந்தது. அம்மாவிடம் நீட்டினேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"இதான்டா வசம்பு. பொறந்ததுல இருந்து அவ கையிலயே கெடக்கு. ஒரு துண்ட ஒடச்சுக் குடுத்துருக்கலாம்ல."

ஆக, அத்தை கேட்டது எல்லா நேரமும் என் பைக்குள்தான் இருந்திருக்கிறது. தப்பு முழுக்க என்னுடையது. அக்காவைச் சொல்லிப் பயனில்லை. தினமும் சாயங்காலம் அதில் ஒரு துண்டைச் சுட்டு உரசித் தடவுகிறவளே அவள்தான், அவளுக்கே அன்றைக்கு ஞாபகம் வரவில்லை பாருங்கள். பிள்ளை பெற்றவர்களுக்கு மறதி வரும் என்று அந்தக் காணொளிப் பெண்மணியும் சொல்லியிருக்கிறார்.

இதை அக்காவிடம் ஆறுதலாகச் சொன்னேன். "ஆமாடா, ரொம்ப மறதி" என்று முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்து எட்டிப் பார்த்தேன். அழவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

கடைசி ஒத்திகையும் முடிந்தது. பை இப்போது என் ஒரு தோளுக்கே இலேசு. கஞ்சி, துணி, கவர், இரண்டு மாற்றுடை, வெயிலுக்கு ஒரு தொப்பி. வளையல் கையில். மச்சான் நேற்று போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை தானும் வருவதாகச் சொன்னார். "தூக்குறவங்க சட்டை என் அளவுல ஒண்ணு வையி" என்றார். வைக்கிறேன் என்று சொல்லவில்லை. யோசிப்போம்.

அக்கா வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டாள். அதற்கு அடுத்த வாரம் தலைவி ஊருக்குப் போகிறார். பையை அக்கா எடுத்துப் போவாள். அதைப் பற்றி இப்போதும் எழுத மாட்டேன்.

அதனால் மக்களே, ஞாயிறு காலை ஏழு மணி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள மைதானம். வேப்பமர நிழலில், பையும் தொப்பி போட்ட தலைவியும் பக்கத்தில் இருக்க உட்கார்ந்திருப்பவன் நான். தேனியில் இருப்பவர்கள் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள், தூரத்தில் இருப்பவர்கள் இதைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அனுப்புங்கள். தலைவியின் கன்னத்தைக் கிள்ள நினைப்பவர்கள் வீட்டிலேயே இருக்கலாம். கைதட்டலாம், கத்தலாம். ஆனால் ரசிகப் பெருமக்களே, பழக்க தோஷத்தில் யாரும் விசில் மட்டும் அடித்துவிடாதீர்கள். அன்றைக்கு அந்த மைதானத்தில் விசில் ஒருத்திதான் ஊதுவாள்.

யார் யார் வருகிறீர்கள், கீழே பேரைச் சொல்லுங்கள். எல்லாப் பேரையும் சொல்லலாம்.